தங்கமாரி டெர்மினேட் ஃபுல்லி

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் எந்தக் கம்பெனி வாசலில் நின்று காதைக் கொடுத்தாலும் ஒன்று விளங்கும். உள்ளே நடக்கிற காரியம் அத்தனையும் ஆங்கிலம். அதைச் செய்கிற கை மட்டும் தமிழ். ஃபிட் பண்ணு, செக் பண்ணு, பேக் பண்ணு, ரிஜெக்ட் பண்ணு. ஆங்கில வினைச்சொல் ஏசி காரில் வந்து இறங்கும். 'பண்ணு' சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு வந்து சேரும். கேட்டருகே இரண்டும் கைகோத்துக்கொண்டு உள்ளே போனால் ஷிஃப்ட் ஆரம்பித்துவிட்டது என்று பொருள்.

இந்தப் 'பண்ணு' இருக்கிறதே, மகா இளகிய மனசுக்காரச் சொல். வந்த வினைச்சொல் யார், எந்த ஊர், நடத்தை எப்படி என்று விசாரிக்கவே விசாரிக்காது. கையை நீட்டினால் பிடித்துக்கொள்ளும். அப்படி விசாரிக்காமல் பிடித்த ஒரு கையால்தான் தங்கமாரிக்கு வேலை போயிற்று.

தங்கமாரி கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். ஸ்ரீபெரும்புதூரில் ராமானுஜர் கோவிலுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் ஊர்க்காரிகள் சிலரோடு குடியிருந்தாள். வேலை, கார்களுக்கு ஒயர்க்கட்டு செய்து கொடுக்கிற ஒரு கம்பெனியில். ஒயர் நுனியில் தோலைச் சீவி, குட்டிப் பித்தளைத் துண்டு ஒன்றை வைத்து மெஷினில் ஒரே அழுத்து. பித்தளை ஒயரைக் கவ்விக்கொள்ளும். லைனில் இருந்த பெண்கள் இதற்குக் 'கம்மல் போடுறது' என்று பெயர் வைத்திருந்தார்கள். தங்கமாரி போட்ட கம்மல் கழன்றுவிட்டதென்று எந்தக் காரும் இதுவரை புகார் சொன்னதில்லை.

பிறகு கம்பெனிக்குத் தரச் சான்றிதழ் வாங்கும் ஆசை வந்தது. ஆசையின் பின்னாலேயே ஓர் ஆலோசகர் வந்தார். லைனில் நின்று, இந்த வேலைக்கு என்ன பெயர் என்று கேட்டார். கம்மல் என்று சொல்லக் கூச்சப்பட்டு சூப்பர்வைசர் பரசுராமன், "கிரிம்ப்பிங் சார்" என்றார். ஆலோசகர் முகம் சுளித்தார். அழுத்துவது மட்டும்தான் கிரிம்ப்பிங், ஒயரின் பயணத்தை அதன் நுனியில் முறைப்படி முடித்துவைப்பதற்கு உலகம் பூராவும் ஒரே பெயர்தான், டெர்மினேஷன், என்றார். மறுநாளே 'டெர்மினேஷன் செக்‌ஷன்' என்று ஒரு நீலப் பலகை தொங்கியது. யாரும் மறுக்கவில்லை. மறுக்க வேண்டுமானால் பொருள் தெரிந்திருக்க வேண்டும்.

பெண்களுக்குப் பலகை பிடித்துப்போயிற்று. கம்பெனி பஸ்ஸில், "நீ இன்னைக்கு எம்புட்டு டெர்மினேட் பண்ணுன?" என்று ஒருத்தியை ஒருத்தி விசாரித்துக்கொண்டார்கள். ஊருக்குப் போன் போட்டபோது தங்கமாரி, "நான் இப்ப டெர்மினேட் பண்றேம்மா" என்றாள். அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

அந்த மாதக் கடைசியோடு தங்கமாரியின் பயிற்சிக்காலம் முடிகிறது. முடிந்ததும் ஒன்று வேலை நிரந்தரமாகும், இல்லையென்றால் ஊருக்குப் பஸ் ஏற வேண்டும். ஊரில் அவளுக்காகக் காத்திருந்தது குச்சிக்கு மருந்து முக்குகிற தீப்பெட்டி ஆபீஸ். பள்ளிக்கூட லீவு நாளெல்லாம் அங்கேதான் போனது. எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் சாப்பிடுகிற கையில் மருந்து வாடை நிற்கும். அந்தக் கையோடு திரும்ப ஒருநாளும் சாப்பிடக் கூடாது என்பதுதான் அவளுடைய ஆசை. அவளுக்கு இருந்தது அந்த ஒரே ஆசை.

இந்தச் சமயத்தில்தான் பர்சனல் டிபார்ட்மென்ட் ஹெச்.ஆர். ஆயிற்று. மேஜை அதே மேஜை, மின்விசிறி அதே சத்தம். மேலாளர் சண்முகசுந்தரம் மட்டும் புதுசு. வந்த அன்றே எல்லோரையும் கேன்டீனில் கூட்டிப் பேசினார். "நம்ம கம்பெனியோட பெரிய சொத்து மனிதர்கள்தான். சொத்துன்னா நம்பர் போட்டுப் பூட்டி வைக்கணும். இனிமே கேட்ல எல்லாரும் கார்டு தேய்ச்சுத்தான் உள்ள வரணும். நான் உட்பட. எனக்கும் சிஸ்டத்துக்கும் நடுவுல சொந்தபந்தம் கிடையாது." எல்லோரும் கைதட்டினார்கள். டீ தாமதமாகிக்கொண்டிருந்தது.

அதற்காகப் பெங்களூரிலிருந்து ஒரு சாஃப்ட்வேர் வந்தது. பயிற்சியில் இருக்கிற ஒவ்வொருவரைப் பற்றியும் சூப்பர்வைசர் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதித் தர வேண்டும், அது அப்படியே கம்ப்யூட்டரில் ஏற வேண்டும் என்று உத்தரவாயிற்று.

பரசுராமன் உள்ளூர்க்காரர். இன்று கம்பெனியின் ஜெனரேட்டர் நிற்கிற இடத்தில் ஒரு காலத்தில் வேர்க்கடலை போட்டவர். நிலத்தைக் கொடுத்துவிட்டு வேலைக்குச் சேர்ந்து, வேலையைக் கற்றுக்கொண்டு சூப்பர்வைசர் ஆனவர். யாரையும் குறைத்து எழுத அவருக்கு மனசு வராது. அவர் செக்‌ஷனில் பயிற்சியில் இருந்த ஒரே ஆளான தங்கமாரியை உயர்த்தி எழுத வேண்டும், அவள் வேலை நிரந்தரமாக வேண்டும் என்று நினைத்தார். நல்ல மனசோடு பேனாவைக் கடித்து, தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் ஒரு வரியில் கொட்டினார்: 'தங்கமாரி டெர்மினேட் ஃபுல்லி. நோ கம்ப்ளெய்ன்ட்.'

ஹெச்.ஆரில் இருந்த சுகப்பிரியா அதை எழுத்துப் பிசகாமல் அடித்தாள். குறிப்பில் அந்த ஒரு சொல் வந்தால் ஆளின் கணக்கை மூடிக் கார்டையும் பூட்டிவிட வேண்டும் என்று பெங்களூர்க்காரர்கள் சாஃப்ட்வேருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நல்ல சாஃப்ட்வேர். சொன்ன பேச்சைக் கேட்டது.

திங்கட்கிழமை காலை ஷிஃப்டுக்கு வந்த தங்கமாரி கார்டைத் தேய்த்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. தாவணியில் துடைத்துத் தேய்த்தாள், அதே சிவப்பு. செக்யூரிட்டி நாகப்பன் எழுந்து வந்து கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"ஒன்ன டெர்மினேட் பண்ட்டாங்கோ மா."

"நான்தானண்ணே டெர்மினேட் பண்றவ. என்னைய எப்பிடிண்ணே டெர்மினேட் பண்ணுவாக? நான் என்ன ஒயரா?"

நாகப்பனுக்குக் கேள்வி நியாயமாகத்தான் பட்டது. "அத்தெல்லாம் எனக்கு இன்னா தெரியும்? வேலய வுட்டுத் தூக்கிட்டாங்கன்னு இதுல கீது."

கம்பெனி வாசலில் நின்றபடியே தங்கமாரிக்குத் தீப்பெட்டி மருந்து வாடை அடித்தது. நான் என்ன தப்புப் பண்ணினேன் என்று உள்ளே போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்றாள். கேட்பதற்கு உள்ளே போக வேண்டும், உள்ளே போக ஊழியராக இருக்க வேண்டும் என்றார் நாகப்பன். ஊழியர் இல்லாதவர்கள் யார்தான் உள்ளே போகலாம் என்று கேட்டாள். "விசிட்டர் போலாம்" என்று சொன்னவருக்கே சட்டென்று வழி புலப்பட்டது. விசிட்டர் பேட்ஜ் ஒன்றை எடுத்து அவள் கழுத்தில் மாட்டி, ஒரு சல்யூட்டும் வைத்தார். விசிட்டருக்குச் சல்யூட் வைப்பது ரூல்.

இத்தனை காலம் அந்தக் கம்பெனிக்குள் தங்கமாரியை மெஷின் முன்னால் தவிர வேறெங்கும் யாரும் உட்காரச் சொன்னதில்லை. விசிட்டரானதும் சோபாவில் உட்கார வைத்தார்கள். பீங்கான் கோப்பையில் டீ வந்தது. தட்டில் கிரீம் பிஸ்கட் வந்தது. அழுதுகொண்டே அவள் பிஸ்கட்டைத் தின்றாள். நன்றாகத்தான் இருந்தது.

சண்முகசுந்தரம் அவளை அழைத்து எதிரில் உட்கார வைத்தார். வெளியேறுகிறவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் அவரிடம் தயாராக இருந்தன.

"வேலையை விட்டுப் போறதுக்கு என்ன காரணம்?"

"நான் போகலயே சார்."

அவர் 'காரணம் சொல்ல மறுக்கிறார்' என்று குறித்துக்கொண்டார். பிறகு பேனாவை வைத்துவிட்டுக் கனிவாகப் பேச ஆரம்பித்தார்.

"இங்க பாரும்மா, இது தண்டனை இல்லை. உன் மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. சொல்லப்போனா எங்களுக்கு உன்னைத் தெரியவே தெரியாது. அதனாலதான் பாரபட்சம் இல்லாம நடந்துக்க முடியுது. நான் முன்னால இருந்த கம்பெனியில ஒருத்தரை எடுக்கணும்னா விசாரணை, விளக்கம், யூனியன்னு மாசக்கணக்காகும். பாவம், அதிகாரிங்களுக்கு எவ்வளவு மனக்கஷ்டம். இங்க உன்னை யாரும் எடுக்கலை. தானா நடந்திருக்கு. இதைத்தான் சிஸ்டம்னு சொல்றது."

"பரசுராமன் அண்ணாச்சி நான் நல்லா வேல பாக்கேன்னுதான் சார் எழுதிருக்காக."

"இருக்கலாம். ஆனா அவர் என்ன நினைச்சார்ங்கறதைக் கம்ப்யூட்டர்ல ஏத்த இடமில்லையே."

"தப்பா ஏறிருந்தா திருத்த முடியாதா சார்?"

"தாராளமா. ஊழியர் ஒரு விண்ணப்பம் கொடுத்தாப் போதும்."

"இப்பமே எழுதித் தாரேன் சார்."

"நீ ஊழியர் இல்லையேம்மா" என்றார் சண்முகசுந்தரம். அவருக்கே வருத்தமாக இருந்தது. இன்னொரு டீ சொன்னார்.

இதற்குள் லைனில் ஒயர் மலையாகக் குவிந்துவிட்டது. அந்த வாரம் கட்டாயம் அனுப்ப வேண்டிய சரக்கு. தங்கமாரியின் மெஷினில் வேறு பெண்ணை உட்கார வைத்தால் கம்மல் பாதி கழன்று வந்தது. பரசுராமன் வரவேற்பறைக்கே ஓடி வந்தார்.

"இன்னா தங்கச்சி, இங்க குந்திகினு பிஸ்கட் துன்னுகினு கீற? அங்க லைனு நாறுது."

"என்னையத்தான் டெர்மினேட் பண்ணிட்டாகளே அண்ணாச்சி. நீங்க எழுதுனதாலயாம்."

பரசுராமனுக்கு முகம் செத்துப்போயிற்று. தான் எழுதிய ஒரே வரி இப்படி ஒரு பெண்ணின் சோற்றில் மண் போட்டுவிட்டதே என்று அப்படியே தலையில் கையை வைத்துக்கொண்டார். அப்புறம் அவருக்குள் இருந்த சூப்பர்வைசர் விழித்துக்கொண்டார். "விசிட்டர் லைனைப் பாக்கலாம்னு ரூல் கீதா?" என்று நாகப்பனைக் கேட்டார். கீது என்றார் நாகப்பன். "பாக்கறப்போ கை சும்மா இருக்கணும்னு ரூல் கீதா?" அப்படி ஒரு ரூலை நாகப்பன் கேள்விப்பட்டதில்லை.

அன்றிலிருந்து தங்கமாரி தினமும் விசிட்டராக வந்து வேலை பார்த்தாள். தினமும் காலையில் வரவேற்பறை டிவியில், 'விருந்தினர்களே, எங்கள் தொழிற்சாலைக்கு முதன்முறையாக வருகை தரும் உங்களை வரவேற்கிறோம்' என்று தொடங்கும் பாதுகாப்புப் படத்தை அவளுக்குப் போட்டுக் காட்டினார்கள். அவசரம் வந்தால் எந்த வழியாக ஓட வேண்டும் என்று அதில் வரும் கதவு அவள் மெஷினுக்குப் பின்னால் இருந்த கதவுதான். விசிட்டரைத் தனியே விடக் கூடாது என்பதால் நாகப்பன் ஷிஃப்ட் முடியும்வரை அவள் பின்னால் விறைப்பாக நின்றார். பார்க்கிறவர்களுக்கு மந்திரி ஒருத்தர் ஒயருக்குக் கம்மல் போடுகிற மாதிரி இருந்தது. தொழிலாளர் கேன்டீனில் விசிட்டர் சாப்பிடக் கூடாது என்பதால் மத்தியானம் அதிகாரிகளின் அறையில் மாதுளம்பழம் போட்ட தயிர்சாதம் கிடைத்தது. விசிட்டருக்குச் சம்பளம் மட்டும் கிடையாது, மரியாதையோடு சரி.

சாயங்காலம் போகும்போது விசிட்டர்கள் கருத்து எழுத வேண்டும். தங்கமாரி தினமும் ஒன்றையே எழுதினாள்: 'கம்பெனி நன்றாக இருக்கிறது. என்னை வேலைக்குச் சேர்த்துக்கொள்ளவும்.' சண்முகசுந்தரம் இதைத் தொகுத்து மேலிடத்துக்கு அனுப்பினார். 'நம்மைப் பார்வையிடும் விருந்தினர்களில் பெரும்பான்மையோர் நம்மிடமே பணியாற்ற விரும்புகிறார்கள்' என்ற வரி மேலிடத்துக்கு மிகவும் பிடித்திருந்தது. பாராட்டு வந்தது.

அறையில் கூடக் குடியிருந்த உலகம்மாளுக்குத்தான் பொறுக்கவில்லை. அவளும் அதே கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தவள். "இது என்ன வேலட்டி? தயிர்சாதத்துக்கு ஒழைக்கே. மாசம் முடிஞ்சா அந்தப் பேட்ஜையும் புடுங்கிருவாக. பேசாம ஊருக்குப் பஸ் ஏறு" என்றாள். தங்கமாரி மறுநாள் ஷிஃப்டுக்கு அலாரம் வைத்துவிட்டுப் படுத்தாள்.

பரசுராமன் சும்மா இருக்கவில்லை. பார்க்கிற அதிகாரியிடமெல்லாம் முறையிட்டார். ஒரு விஷயத்தை நிறையப் பேரிடம் முறையிட்டால் அதற்கு ஒரு குழு அமைந்துவிடும் என்பது எல்லாக் கம்பெனிகளிலும் உள்ள வழக்கம். 'வினைச்சொல் தெளிவுக் குழு' அமைந்தது. தலைவர் சண்முகசுந்தரம். முதல் கூட்டத்தில் குழு என்ன பேனாவில் எழுத வேண்டும் என்று பேசினார்கள். இரண்டாவது கூட்டத்தில் மீன்முள் மாதிரி ஒரு படம் வரைந்து, கோளாறுக்கான காரணங்களை ஒவ்வொரு முள்ளிலும் எழுதினார்கள். வால் பக்கத்தில் 'பரசுராமன்' என்று இருந்தது. தலைப்பக்கம் காலியாக இருந்தது.

மூன்றாவது கூட்டத்துக்குக் காஞ்சிபுரத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் நெல்லையப்பனை அழைத்தார்கள். விசிட்டர் பேட்ஜ் அன்று இரண்டு தேவைப்பட்டது. அவர் பேசுவதைக் கேட்கத் தங்கமாரியையும் ஒரு மூலையில் உட்கார வைத்திருந்தார்கள், ஆதாரமாக.

பேராசிரியருக்கு வினைச்சொற்கள் என்றால் உயிர். "டெர்மினேட் என்பது குடும்பப் பாங்கான சொல்" என்று ஆரம்பித்தார். "அதன் பூர்வீகம் லத்தீன். டெர்மினஸ் என்றால் அங்கே எல்லைக்கல். உங்கள் பஸ் டெர்மினஸ், விமான நிலையத்து டெர்மினல், பள்ளிக்கூடத்து டேர்ம், எல்லாம் அந்த வயிற்றில் பிறந்த பிள்ளைகள். எல்லை போடுவதுதான் இந்த வினையின் முதல் பொருள். வேலையை விட்டு எடுப்பதெல்லாம் நேற்று வந்த பொருள். ரோமாபுரியில் எல்லைக்கல்லைத் தெய்வமாகவே கும்பிட்டார்கள். வருஷத்துக்கு ஒருநாள் இரண்டு பக்கத்து நிலத்துக்காரர்களும் வந்து மாலை போடுவார்கள். பெரிய தெய்வத்துக்குக் கோவில் கட்டினபோதுகூட அந்தக் கல் இடத்தை விட்டு நகர மறுத்துவிட்டதாம்."

"எங்க நெலத்துக் கல்லு குடுத்து வெக்கில சார்" என்றார் பரசுராமன். "ஜெனரேட்டர் ரூமு கட்டறப்போ ஜேசிபி வந்து நோண்டிட்டுப் போயிடிச்சு."

யாரும் அதைக் குறிப்பில் ஏற்றவில்லை. பேராசிரியர் இலக்கணத்துக்கு வந்தார். டெர்மினேட் செயப்படுபொருள் கேட்கிற வினை. யார், யாரை என்று இரண்டு பேர் வேண்டும். தங்கமாரி ஒயரை டெர்மினேட் செய்தால் அவள் ஊழியர். கம்பெனி தங்கமாரியை டெர்மினேட் செய்தால் அவள் முன்னாள் ஊழியர். ஆனால் பரசுராமன் எழுதிய வாக்கியத்தில் இருப்பது ஒரே ஒரு தங்கமாரிதான். ஒயரும் இல்லை, கம்பெனியும் இல்லை, காலமும் இல்லை. இலக்கணப்படி தங்கமாரி முடிவில்லாமல் தொங்கிக்கொண்டிருக்கிறாள் என்றார் பேராசிரியர்.

"அது எனக்கே தெரியுது சார்" என்று மூலையிலிருந்து தங்கமாரி சொன்னாள்.

தொழிலாளர்களுக்குப் புரிகிற தமிழில் சொல்லைப் போட்டுவிட்டால் குழப்பம் தீரும் என்று குழு முடிவு செய்தது. டெர்மினேட் என்பதற்கு 'முடித்தல்' என்று ஒரு மனதாகத் தீர்மானித்து, மறுநாள் லைனில் பலகை மாட்டினார்கள்: 'முடிப்பவர்: தங்கமாரி. மேற்பார்வை: பரசுராமன். இன்று முடிக்க வேண்டியவர்கள் பட்டியல் பின்னால்.' பின்னால் இருந்த பட்டியலில் பெண்களின் பெயர்கள் இருந்தன. இரண்டு பெண்கள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தியின் அப்பா வாலாஜாபாத்திலிருந்து டிவிஎஸ் பிஃப்டியில் வந்து கேட்டில் நின்று சத்தம் போட்டார். மத்தியானத்துக்குள் பலகையைக் கழற்றி, பழையபடி டெர்மினேஷனையே மாட்டினார்கள். அதற்குப் பொருள் தெரியாததால் யாருக்கும் பயமில்லை.

மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. சான்றிதழ் கொடுக்கிற தணிக்கைக்காரர் வந்தார். குழுவின் மீன்முள் படத்தைப் பார்த்து மகிழ்ந்துபோய், தலைப்பக்கம் ஏன் காலி என்று கேட்டார். சண்முகசுந்தரம் அவருக்கு டீ சொன்னார். ஹெச்.ஆர். ஆட்களுக்கு லைன் வேலையின் பெயர் தெரியாததுதான் கோளாறின் தலை என்று தணிக்கைக்காரரே எழுதிக்கொண்டார். பரிகாரமும் சொன்னார். ஹெச்.ஆர். மேலாளர் லைனில் உட்கார்ந்து டெர்மினேட் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும். கற்றுக்கொண்டதற்கு சூப்பர்வைசரின் குறிப்பு கம்ப்யூட்டரில் ஏற வேண்டும்.

அப்படித்தான் சண்முகசுந்தரம் ஒரு புதன்கிழமை மெஷின் முன்னால் உட்கார்ந்தார். சொல்லிக் கொடுத்தது தங்கமாரி. விசிட்டர் மேலாளருக்குப் பயிற்சி கொடுக்கலாமா என்று ஒரு கேள்வி எழுந்தது. கூடாது என்று ரூல் இல்லை.

"மெதுவா சார். வெரல உள்ள வைக்காதீக. தோலு சீவுன எடம் இம்புட்டுத்தான் தெரியணும். ம், இப்பப் பெடல மிதிங்க."

முதல் கம்மல் கழன்றது. இரண்டாவதும் கழன்றது. சாயங்காலத்துக்குள் ஒன்று நின்றது. இழுத்துப் பார்த்தார், வரவில்லை. சண்முகசுந்தரம் அந்த ஒயரைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அவருடைய உத்தியோக வாழ்க்கையில் அவர் கையால் உருப்படியாக ஒரு பொருள் செய்தது அதுவே முதல் தடவை. அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துத் தங்கமாரிக்கு அவர் மேல் கொஞ்சம் பாசமே வந்துவிட்டது.

பரசுராமன் குறிப்பு எழுத உட்கார்ந்தார். பேனாவை எடுத்தார், மறுபடியும் கீழே வைத்தார். "இன்னா எய்தறதுன்னே தெர்ல தங்கச்சி. எதனா ஏடாகூடமா ஆயிடப் போவுது" என்றார்.

தங்கமாரி அந்த ஒயரை எடுத்து இழுத்துப் பார்த்தாள். அப்புறம், "சாரும் நல்லாத்தான கத்துக்கிட்டாக. எனக்கு எழுதுன மாதிரியே நல்லபடியா எழுதுங்க அண்ணாச்சி" என்றாள். சொல்லும்போது அவள் முகம் பச்சைப் பிள்ளை முகமாக இருந்தது என்று நாகப்பன் பிற்பாடு சொன்னார்.

பரசுராமன் அவளை ஒரு தரம் பார்த்தார். பேனாவை எடுத்தார். 'சண்முகசுந்தரம் டெர்மினேட் ஃபுல்லி. நோ கம்ப்ளெய்ன்ட்' என்று எழுதினார். சுகப்பிரியா எழுத்துப் பிசகாமல் அடித்தாள்.

வியாழக்கிழமை காலை சண்முகசுந்தரத்தின் கார் கேட்டுக்கு வந்தது. இறங்கிக் கார்டைத் தேய்த்தார். சிவப்பு எரிந்தது. கைக்குட்டையால் துடைத்துத் தேய்த்தார். அதே சிவப்பு.

நாகப்பன் கம்ப்யூட்டரைப் பார்த்தார், சாரைப் பார்த்தார், மறுபடியும் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "சார், தப்பா நெனச்சிக்காதீங்கோ. ஒங்கள டெர்மினேட் பண்ட்டாங்கோ."

"யாருய்யா பண்ணினது?"

"யாரும் பண்ணில சார். தானா நடந்துகீது."

தான் யார் தெரியுமா என்று சண்முகசுந்தரம் கேட்டார். தெரியும் என்றும், ஆனால் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற இடமில்லை என்றும் நாகப்பன் சொன்னார். கேட்டில் சும்மா நின்றாலும் நாகப்பன் காது சும்மா இருந்ததில்லை. பிறகு டிராயரைத் திறந்து விசிட்டர் பேட்ஜ் எடுத்து, சார் கழுத்தில் மாட்டி, சல்யூட் வைத்தார்.

வரவேற்பறை சோபாவில் தங்கமாரி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். டிவியில் பாதுகாப்புப் படம் ஓடிக்கொண்டிருந்தது. சண்முகசுந்தரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். டீ வந்தது.

"பிஸ்கட்ட ரொம்ப நேரம் முக்காதீக சார். விழுந்துரும்" என்றாள் தங்கமாரி.

அவர் பிஸ்கட்டை அவசரமாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "எத்தனை நாளாம்மா இப்படி வர்றீங்க?" என்று கேட்டார். அவளை அவர் 'ங்க' போட்டுப் பேசியது அன்றைக்குத்தான்.

"மாசம் ஆகப்போகுது சார்."

அவர் செல்போனை எடுத்துப் பெங்களூரை அழைத்தார். மறுமுனையில் இருந்தவன் மிகவும் மரியாதையாக, திருத்தம் கேட்டு ஊழியர் விண்ணப்பம் கொடுக்க வேண்டும், ஆனால் நீங்கள் ஊழியர் இல்லையே என்றான். சண்முகசுந்தரத்துக்கு அந்த வாக்கியத்தை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. நிர்வாக இயக்குநரை அழைத்துக் கெஞ்சினார். நிர்வாக இயக்குநர் பெங்களூரை அழைத்துக் கத்தினார். டீ ஆறுவதற்குள் பெங்களூரே திரும்ப அழைத்தது. ஒருத்தரை மட்டும் தனியாகத் திறக்க வழியில்லை, சாஃப்ட்வேரிலிருந்து அந்தச் சொல்லையே எடுத்துவிட்டால் அது பூட்டின எல்லோருக்கும் திறந்துவிடும், உங்களோடு தங்கமாரி என்று இன்னொருத்தரும் உள்ளே வந்துவிடுவார், பரவாயில்லையா என்று அதே ஆள் கேட்டான்.

சண்முகசுந்தரம் பக்கத்தில் பார்த்தார். தங்கமாரி கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பரவாயில்லை" என்றார். "சீக்கிரம் பண்ணு."

இத்தனை நாளாகக் குழு தேடிக்கொண்டிருந்தது இந்தப் 'பரவாயில்லை'யைத்தான். அதைச் சொல்லும் அதிகாரம் முதல் நாளிலிருந்தே சண்முகசுந்தரத்திடம் இருந்தது. சொல்வதற்கு அவர் சோபாவில் உட்கார வேண்டியிருந்தது.

மாதக் கடைசியில் நிரந்தரமாக்குவதற்குக் குறிப்புக் கேட்டபோது பரசுராமன், 'இந்தப் பொண்ணு நல்லா கம்மல் போடுது' என்று தமிழிலேயே எழுதிக் கொடுத்தார். சண்முகசுந்தரம் ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். அவர் மேஜை மேல் ஒரு பித்தளைக் கம்மல் போட்ட ஒயர்த் துண்டு இருந்தது. வினைச்சொல் தெளிவுக் குழுவைக் கலைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அது அடுத்து 'கன்ஃபர்ம்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டு மாதம் ஒருமுறை கூடிப் பிஸ்கட் சாப்பிட்டு வந்தது.

வேலை நிரந்தரமான அன்று காலை தங்கமாரி கார்டைத் தேய்த்தாள். அன்றும் பச்சைதான் எரிந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று இத்தனை நாளும் வைத்திருந்த விசிட்டர் பேட்ஜைப் பையிலிருந்து எடுத்து நாகப்பனிடம் நீட்டினாள்.

நாகப்பன் வாங்கி டிராயரின் அடியில் போடப் போனார். "இனிமே இது ஒனக்கு வேணாம்லமா?"

"எனக்கு வேண்டாம்ணே. ஆனா கை எட்டாத எடத்துல வச்சிராதீக" என்றாள் தங்கமாரி. "அடுத்து எந்த சாருக்குத் தேவப்படுமோ."